எட்டு ஜூலும் எட்டாயிரம் ஜூலும்

(மீன்சுருட்டி கல்லூரி வளாகத்தில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



நான் மேடை ஏறிப் பழக்கமில்லாதவன். சங்கச் செயலாளர் போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுடா. பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் எல்லாம் தாங்கள் எட்டிய உயரங்களைப் பற்றிப் பேசினார்கள். கேட்கப் பெருமையாக இருந்தது. நான் பேசப்போவது நான் செய்த இரண்டு முட்டாள்தனங்களைப் பற்றி. (சிரிப்பு) சிரிக்கலாம், தப்பில்லை. அந்த இரண்டில் ஒன்று கொஞ்சம் பிசகியிருந்தாலும் இன்றைக்கு நான் இங்கே நின்றிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

நான் திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அழுத்தக் கலன்களைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு. காலையில் போனால் மாலை வரை அழுத்தம், வால்வு, கேஜ், பற்றவைப்பு, இதுதான் என் உலகம். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

நம்ம ஊரில் துப்பாக்கி

நம்மில் பலர் துப்பாக்கியை முதலில் கையில் பிடித்தது கங்கைகொண்டசோழபுரத்தில்தான் இருக்கும். ஐப்பசி அன்னாபிஷேகத்துக்குக் கூட்டம் கூடும்போது, பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி வைத்திருப்பார்கள். குழலை மடக்கி, குண்டு போட்டு, கண்ணை இடுக்கிச் சுட்டால் பலூன் வெடிக்கும். பாதி நேரம் வெடிக்காது. அந்தத் துப்பாக்கிக்குள்ளே ஒரு சுருள்வில். குழலை மடக்கும்போது நம் கைபலம் அந்த வில்லில் ஏறுகிறது. சுட்டவுடன் இறங்கிவிடுகிறது. சுட்ட பிறகு அதற்குள் ஒன்றும் மிச்சமில்லை.

நான் பேச வந்தது வேறு வகை. போட்டிகளில் இன்று பயன்படும் ஏர் ரைபிளில் குழலுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் காற்றை 200 பார் அழுத்தத்தில் முன்கூட்டியே அடைத்து வைத்திருப்பார்கள். விசையை அழுத்தினால் ஒரு சிட்டிகை காற்று மட்டும் வெளிவந்து குண்டைத் தள்ளும். துப்பாக்கி அதிராது. பத்து மீட்டர் தள்ளி அரை மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளியைச் சுட வேண்டிய ஆட்டத்தில் இந்த அமைதிதான் முக்கியம்.

2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனியாளாக வென்ற முதல் தங்கம் அது. நாங்கள் அப்போது மூன்றாம் ஆண்டு. அவர் வென்றது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில்தான். 2012இல் லண்டனில் ககன் நரங் இதே பிரிவில் வெண்கலம் வாங்கினார். நமக்கு அடுத்த மாவட்டமான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் சுட்டார். 2022இல் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்தபோது நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டார். அவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கூட்டத்தில் என் அக்கா மகளும் ஒருத்தி. அஜித்தைப் பார்க்கப் போனவள் ரைபிளைப் பார்த்துவிட்டு வந்தாள். "மாமா, எனக்கும் கத்துக்கணும்" என்றாள். அக்காவும் அத்தானும் ஜெயங்கொண்டத்தில் இருக்கிறார்கள். முந்திரிக்காட்டு வருமானம். புது ரைபிள் விலை கேட்டதும் அத்தான் பேச்சை மாற்றிவிட்டார். ஆறு மாதம் அலைந்து, 2023இல் நான் ஒரு பழைய ரைபிளை வாங்கிக் கொடுத்தேன். கூடவே இரண்டு சிலிண்டர்.

ஒரு சின்னக் கணக்கு

தம்பி தங்கைகளுக்காக ஒரு கணக்கு. மற்றவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏர் ரைபிள் குண்டு அரை கிராம் சொச்சம். விநாடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில் போகும். அதன் ஆற்றல் எவ்வளவு? பாதி, பெருக்கல் நிறை, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். ஏறத்தாழ 8 ஜூல் வரும்.

இப்போது சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். 200 மி.லி. கொள்ளளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் அளவு. உள்ளே 200 பார். அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கினால் 4,000 ஜூல். சிலிண்டர் திடீரென்று கிழிந்தால் வெப்பம் உள்ளே வரவும் வெளியே போகவும் நேரம் கிடையாது. நீங்கள் படிக்கிற வெப்ப மாற்றீடற்ற விரிவு. 4,000ஐ 0.4ஆல் வகுத்தால் 10,000. விரிந்து முடிந்த காற்றில் தங்கும் பங்கைக் கழித்தால் 7,800 சொச்சம். எட்டாயிரம் ஜூல் என்றே சொல்லலாம்.

நம்ம அரியலூர் மாவட்டத்துக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். 50 கிலோ சிமென்ட் மூட்டையை ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே போட்டால், தரையில் மோதும்போது அதில் இருக்கும் ஆற்றல் இவ்வளவுதான். அந்த மூட்டையைத்தான் ஒரு டம்ளருக்குள் அடைத்து, பதினைந்து வயதுப் பிள்ளையின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

குழலிலிருந்து வருவது 8 ஜூல். சிலிண்டரில் இருப்பது எட்டாயிரம் ஜூல். ஆயிரம் மடங்கு. ஆனால் நம் பயமெல்லாம் குழல் முனையில். "துப்பாக்கியை ஆள் பக்கம் திருப்பாதே" என்று எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்ல வேண்டியதுதான். சிலிண்டரைப் பற்றி எத்தனை பேர் சொல்லிக் கொடுக்கிறோம்?

லாரி டயரில் காற்று 8 பார் சுற்றி இருக்கும். அது வெடித்தால் பஞ்சர் கடைக்காரர் தூக்கி எறியப்படுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கோலி சோடா கம்பெனியில் பாட்டிலை இரும்புக் கூட்டுக்குள் வைத்துச் சுற்றியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பாட்டில் வெடித்தால் கண் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் படிக்காத தொழிலாளிக்கு இருந்த மரியாதை, அழுத்தக் கலன் பொறியாளனான எனக்கு என் வீட்டில் இல்லை. இனி என் கதைக்கு வருகிறேன்.

முதல் முட்டாள்தனம்

சிலிண்டரில் காற்று நிரப்பப் பெரிய தொட்டி ஒன்று வேண்டும். கடலில் மூழ்குவோர் முதுகில் கட்டுவார்களே, அந்த வகை. அதைப் புதுச்சேரிக்கு எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வருவேன். அங்கிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் அடாப்டர், அதில் ரைபிள் சிலிண்டரைத் திருக வேண்டும். மெல்ல வால்வைத் திறந்தால் காற்று ஏறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வீட்டுத் திண்ணையில் நிரப்பி முடித்தேன். தொட்டியின் வால்வை மூடினேன். சிலிண்டரைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. இறுகிப் போயிருக்கிறது என்று நினைத்து உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்தேன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளேயிருந்து, "மாமாவுக்குக் காப்பி ஆறுது, எடுத்துட்டுப் போடி" என்று கூப்பிட்டதால் எழுந்து போனாள்.

ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். பட்டென்று ஒரு சத்தம். குழாய் பாம்பு மாதிரி சீறி எழுந்தது. அடாப்டர் என் மோதிர விரலைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதிக் காரையைப் பெயர்த்தது. அவள் குந்தியிருந்த இடத்துக்கு நேர் மேலே, அவள் முகம் இருந்த உயரத்தில். ஏழு தையல். தழும்பு இதோ இருக்கிறது.

நடந்தது என்ன? தொட்டியை மூடினேன், சிலிண்டரின் வால்வும் தானாக மூடிக்கொண்டது. நடுவில் குழாய்க்குள் காற்று 200 பாரில் அப்படியே நின்றது. அதை வெளியேற்ற என்றே ஒரு சின்னத் திருகு அடாப்டரில் உண்டு. அதைத் திறந்து, புஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும். நான் மறந்துவிட்டேன். குழாய்க்குள் இருந்தது எவ்வளவு காற்று தெரியுமா? ஒரு டீஸ்பூன் அளவு. ஒரே ஒரு டீஸ்பூன்.

சிலிண்டர் கழறாமல் இறுகியிருந்ததே ஓர் எச்சரிக்கைதான். உள்ளே இருக்கும் அழுத்தம் மரையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2 செ.மீ. விட்டமுள்ள வாயில் 200 பார் தள்ளினால் அறுநூறு கிலோவுக்கு மேல் விசை. இறுக்கம் துருவால் வந்ததா, அழுத்தத்தால் வந்ததா என்று கேட்க வேண்டியவன் ஸ்பேனரைத் தேடிப் போனேன். கையால் கழறவில்லை என்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் ஸ்பேனருக்கு இடமே இல்லை.

இரண்டாவது முட்டாள்தனம்

விரல் ஆறி மூன்று மாதம் ஆகியிருக்கும். மாவட்டப் போட்டிக்கு நான்கு நாள்தான் இருந்தது. தொட்டியில் காற்று தீர்ந்துவிட்டது. புதுச்சேரிக்குப் போக எனக்கு விடுப்பு இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை. நம்ம ஊர்ப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே கறுப்பு நிறத்தில் பெரிய சிலிண்டர் நிற்கிறது. ஆக்சிஜன். 150 பார் இருக்கும். 200 இல்லாவிட்டாலும் 150 வரை ஏற்றிக்கொண்டால் போட்டியைச் சமாளிக்கலாம். அடாப்டர் ஒன்று கடைந்தால் போதும். ஒரு தாளில் அளவுகளோடு படமே வரைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டறையில் ஒரு பெரியவர். எட்டாவது தாண்டாதவர். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?"

"இன்ஜினீயருங்க."

"இந்த வால்வை எண்ணெய்க் கையோட தொடக்கூட நாங்க பயப்படுவோம் தம்பி. கிரீஸ் போட்ட சாமானுக்குள்ள இதை அடைக்கச் சொல்றீங்களே. புள்ள கையில இருக்கிற சாமானுக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். சுத்த ஆக்சிஜன் உயர் அழுத்தத்தில் நிற்கும்போது எண்ணெயும் கிரீஸும் ரப்பர் வளையமும் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வால்வைத் திறந்ததும் காற்று நெருங்கிச் சூடாகிறதே, அந்தச் சூடே போதும். தீ பிடித்தால் அலுமினியமே விறகு மாதிரி எரியும். தெரிந்திருந்தும், பிள்ளை ஏமாந்து போகக் கூடாதே என்ற அவசரத்தில், தெரிந்தது எல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

அந்தப் போட்டிக்கு அவள் போகவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தத் தாத்தாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுங்க மாமா" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

தேதி பார்க்காத சிலிண்டர்

நிற்க. அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்து இரண்டு சிலிண்டரையும் துடைத்து, பொறித்திருந்ததைப் படித்தேன். வேலை அழுத்தம் 200 பார், சோதனை அழுத்தம் 300 பார், தயாரித்த மாதம், ஆண்டு. ஒன்று 2018. இன்னொன்று 2010. போட்டி ரைபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் பத்து ஆண்டு. அதாவது வாங்கும்போதே ஒன்று காலாவதியாகி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அதைத்தான் அவள் தினமும் கன்னத்தில் அணைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"பார்க்கப் புதுசு மாதிரிதானே இருக்கு, கீறல்கூட இல்லையே" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இதுதான். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் உலோகம் மயிரிழை விரிகிறது, தீரும்போது சுருங்குகிறது. கம்பியை மறுபடி மறுபடி வளைத்தால் ஒருநாள் ஒடிகிறதே, அந்த அசதி உலோகத்துக்குள் சேர்ந்துகொண்டே போகும். வெளியே தெரியாது. 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த மூழ்குவோர் சிலிண்டர்களில் இன்னொரு விபரீதம் நடந்தது. அளவுக்கு மேல் நிரப்பாமலே, வெறுமனே நிரம்பி நின்றபடியே, கழுத்துப் பகுதியில் நுண்விரிசல் மெல்ல வளர்ந்தது. சில, நிரப்பும்போது வெடித்தன. 1980களின் பிற்பகுதியில் 6061 என்ற கலவைக்கு மாறினார்கள். உலோகத்தைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது சாட்சி.

அந்தப் பழைய சிலிண்டரை எங்கள் தொழிற்சாலையிலேயே நீர்ச்சோதனை செய்துவிடலாமா என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். நாங்கள் காற்றால் சோதிப்பதில்லை, தண்ணீரால் சோதிப்போம். ஏன் தெரியுமா? தண்ணீர் அழுத்தினால் அவ்வளவாகச் சுருங்காது. இதே சிலிண்டரில் 300 பாருக்குத் தண்ணீர் ஏற்றினால் அதில் தங்கும் ஆற்றல் நாற்பது ஜூல் சொச்சம்தான். கிழிந்தாலும் தண்ணீர் சிந்தும், அவ்வளவுதான். காற்று என்றால் எட்டாயிரத்துக்கும் மேல். மேலதிகாரி சொன்னார்: "சோதனை இன்னைக்குத் தாங்குதான்னு சொல்லும். நாளைக்கு என்னன்னு சொல்லாது. செஞ்சவன் பத்து வருஷம்னு எழுதியிருக்கான். அவனை விட உனக்கு அந்தச் சாமானைத் தெரியுமா?" வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகள் இருக்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அதைக் கவனிக்கிறது. அந்த விதிகளில் சிலிண்டர் என்றால் 500 மி.லி.க்கு மேல் கொள்ளளவு உள்ளது. நம் மூழ்குவோர் தொட்டி அதில் வரும். ரைபிள் சிலிண்டர் அதைவிடச் சிறியது, வராது. அதே 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஏர் ரைபிளை எப்படி அளக்கின்றன? குழல் முனையில் 20 ஜூலைத் தாண்டுகிறதா, குழலின் அளவு என்ன என்று பார்க்கின்றன. ஆக ஒரு சட்டத்தின் கண்ணுக்குச் சிலிண்டர் மிகச் சிறியது. இன்னொரு சட்டம் குழலைப் பார்க்கிறது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதியோ, காலாவதியாகும் முன் சிலிண்டரை மாற்றுவது வீரரின் பொறுப்பு என்கிறது. வீரர் என்றால் யார்? பதினைந்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் நாம்தான் பொறுப்பு.

சில சொற்கள், மறக்காமல்

ரைபிள் வைத்திருப்பவர்களுக்கும், வாங்க நினைப்பவர்களுக்கும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

வாங்குவதற்கு முன் சிலிண்டரில் பொறித்த தேதியைப் படியுங்கள். தேதி இல்லாத, எழுத்து தேய்த்து அழித்த, மேலே பெயின்ட் அடித்த சிலிண்டர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சுத்தமான, உலர்ந்த காற்று மட்டும். ஆக்சிஜன் கூடவே கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரசரில் அவ்வளவு அழுத்தமும் வராது, எண்ணெயும் ஈரமும்தான் வரும். கைப்பம்பில் அடிப்பவர்கள் நடுநடுவே நிறுத்தி ஆற விடுங்கள், ஈரம் உறிஞ்சும் வடிகட்டி போடுங்கள். கொள்ளிடக் கரைக் காற்றில் ஈரம் அதிகம். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, உலோகத்தைத்தான் தின்னும்.

மெதுவாக நிரப்புங்கள். வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சுடும். தொட்டால் வெதுவெதுப்பு தாண்டினால் நிறுத்துங்கள். கேஜ் 200ஐத் தொட்டதும் முடிந்தது. "இன்னும் கொஞ்சம்" என்பதே கிடையாது. 300 பார் என்று பொறித்திருப்பது சோதனை அழுத்தம். அதை நிரப்பும் அளவு என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசல் பட்டறையில் அடாப்டர் செய்யாதீர்கள். 300 பார் தொட்டியின் வாய், 200 பார் இணைப்பு பொருந்தாத ஆழத்தில் வேண்டுமென்றே செய்யப்பட்டது. பொருந்தவில்லை என்றால் அது குறை இல்லை, காவல். நாம் ஒரு அடாப்டர் கடைந்து அந்தக் காவலை உடைக்கிறோம்.

மரையில் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். ரப்பர் வளையத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் கடுகளவு.

சித்திரை வெயிலில் பூட்டிய காரில் வைக்காதீர்கள். 30 டிகிரியில் 200 பார் இருப்பது 60 டிகிரியில் 220 ஆகும். உடனே வெடித்துவிடாது. ஆனால் நமக்கு வைத்த பாதுகாப்பு இடைவெளியை வெயில் தின்றுவிடும். நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கீழே விழுந்து நசுங்கினால் பயன்படுத்தாதீர்கள்.

விமானத்தில் போவதானால் சிலிண்டரை முழுக்கக் காலி செய்து, காலி என்று காட்டும்படி கொண்டுபோக வேண்டும். போன இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஆயுள் முடிந்ததை முழுதாகப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். அங்கே கேஸ் கட்டர் வைத்து வெட்டுபவருக்கு உள்ளே காற்று இருப்பது தெரியாது. வேறு யாராவது கழுவித் துடைத்து மறுபடி விற்றுவிடவும் கூடும். காற்றை முழுக்க வெளியேற்றி, காலி என்று உறுதி செய்துகொண்டு, வால்வைக் கழற்றி, இரண்டாக அறுத்துவிட்டுப் போடுங்கள்.

ரைபிள் வைத்திருக்காதவர்கள், "நமக்கென்ன" என்று நினைக்க வேண்டாம். 2022 அக்டோபரில் திருச்சியில் பலூனுக்கு ஹீலியம் அடைக்கும் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தார். திருவிழாவில், கல்யாண மண்டபத்தில், ஆட்டோவில் என்று உயர் அழுத்தச் சிலிண்டர் இன்று நம்மைச் சுற்றி நிற்கிறது. சி.என்.ஜி. ஆட்டோவில் நம் இருக்கைக்குக் கீழே இருப்பதும் இதே 200 பார்தான். பயந்து ஓட வேண்டியதில்லை. முறையாகச் செய்து, முறையாகச் சோதித்து, முறையாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கணக்கில் சொன்ன பேச்சு கேட்கும் சாமான் அது.

முடிவாக

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் கல்லூரி எனக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது. தொழிற்சாலை எனக்கு ஒழுங்கைச் சொல்லிக் கொடுத்தது. அங்கே தலைக்கவசம் இல்லாமல், பணி அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு போல்ட்டைத் தொட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை லுங்கி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்ததும் அந்த ஒழுங்கு என்னை விட்டுப் போய்விட்டது. வீட்டில் செய்வது வேலை இல்லை, உதவி என்ற நினைப்பு. அன்பினால் செய்கிறோம், அதனால் ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு. காற்றுக்கு அதெல்லாம் தெரியாது. தொழிற்சாலையில் 200 பார் என்றால் திண்ணையிலும் 200 பார்தான்.

அக்கா மகள் இன்னும் சுடுகிறாள். புது சிலிண்டர் வாங்கிவிட்டோம். நிரப்பும்போது இப்போது அவள்தான் எனக்கு மேஸ்திரி. கண்ணாடி மாட்டியாச்சா, தேதி பார்த்தாச்சா, காற்றை விட்டாச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் அடுத்ததுக்கு விடுவாள். ஒருநாள் நான் சலித்துக்கொண்டபோது சுவரில் பெயர்ந்த காரையைக் கையால் காட்டினாள். அதை இன்றுவரை பூச விடவில்லை.

அந்த 2010ஆம் ஆண்டுச் சிலிண்டரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து இங்கே கொண்டு வந்திருக்கிறேன். சுவர் எவ்வளவு கனம், கழுத்தில் மரை எப்படி, உள்ளே ஈரம் பட்டு எங்கெங்கே குழிந்திருக்கிறது, எல்லாம் தெரியும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கிறது. இதை நம் இயந்திரவியல் துறை ஆய்வகத்துக்குக் கொடுக்கிறேன். பேராசிரியர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் கையில் கொடுத்துக் காட்டுங்கள். எட்டு ஜூலையும் எட்டாயிரம் ஜூலையும் அவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.